முதலில் இறங்குகிறவன்

எய்யா,

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல், சோறு ஆறுகிறது, முதலில் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ கோபப்பட்டிருக்க மாட்டாய், ஆனால் அம்மாவும் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று நினைத்திருப்பாய். பதில் தெரியாமல் நான் அப்படிச் செய்யவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் இந்த வீட்டில் இத்தனை காலம் யாரும் வாய் திறக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அது முடியாது, பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும். முடித்ததும் தாள்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ சொல்லிக் கொடுத்தது மறக்கவில்லை.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. அந்த வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில், கப்பலின் அடியில் இருக்கும் ஒரு தொட்டிக்குள் ஆட்கள் வெல்டிங் வேலைக்கு இறங்க இருந்தார்கள். உள்ளே காற்று போவதற்காக வைத்த விசிறி ஓடவில்லை. உள்ளே இருக்கும் காற்றையும் அன்றைக்கு யாரும் கருவி வைத்துப் பார்த்திருக்கவில்லை. பாதுகாப்புப் பார்க்கிறவன் என்கிற முறையில் நீ வேலையை நிறுத்திவிட்டாய். மேலே இருக்கிறவர் கத்தியதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதனால் ஓவர்டைம் காசு கைவிட்டுப் போன ஆட்கள், அன்று சாயங்காலம் நீ தட்டோடு போய் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். நம் பக்கத்து ஆள் என்று நீ ஒட்டிக்கொண்டிருந்த அந்த வள்ளியூர்க்காரரும் போய்விட்டார். உனக்கென்று மீன்குழம்பில் ஒரு துண்டம் எடுத்துவைக்கிறவர் என்று சொல்வாயே, அவர். அதன் பிறகு கருவி வைத்துப் பார்த்தபோது உள்ளே காற்று நன்றாகத்தான் இருந்தது என்றும் சொன்னாய். அதனால் இப்போது அறையில் கட்டில் மேல் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிடுகிறாய். "நான் செஞ்சது சரிதானாம்மா?" என்று கேட்டாய். உன் தட்டு வைத்திருந்த கட்டிலை நான் போனில் பார்த்தேன். மெத்தை விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. பேச ஆள் இல்லாதவர்களின் வீடுதான் அவ்வளவு சுத்தமாக இருக்கும். என் வீடும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

உன் அப்பா இறந்துபோய் இது இரண்டாவது சாரல் காலம். அவரை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வாய் பேசாத மனுசன், வேலை உண்டு வீடு உண்டு என்று இருந்தவர். கல்யாணமான புதிதில் உன் பெண்டாட்டி, மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று என்னிடம் பயந்துபோய்க் கேட்டாள். அவர் சுபாவமே அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். அது பொய். உன் அப்பாவைப் போல வாயாடி ஒருவரை அந்த மில்லில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டே களத்தில் நெல் காயப்போடும் எங்களை ஒருத்தி பாக்கி விடாமல் கேலி பேசுவார். வீட்டுக்கு வந்தால் நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏட்டி" என்பார். அதில் அவ்வளவு பிரியம் இருக்கும். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பேச்சு ஒரே நாளில் நின்றது. நான்தான் காரணம்.

இசக்கி சித்தப்பா மில்லில் செத்தார் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் நீ இந்தப் பாதுகாப்புப் படிப்பையே எடுத்தாய். ஆனால் எப்படி என்று நீ கேட்டபோதெல்லாம் தொட்டியில் விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் எல்லோரும் சொன்னோம். அவர் விழவில்லை. அவராக இறங்கினார்.

அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் இருந்த அந்த மில் இப்போது இல்லை, கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. அப்போது அங்கே நெல்லைப் பெரிய தொட்டிகளில் ஊறப்போட்டு, அவித்து, களத்தில் பரப்பிக் காயவைப்போம். ஊறின தண்ணீர் வடிந்துபோய்த் தரைக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருக்கும். ஒரு மோட்டார் அந்தத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அந்த வருசம் பொங்கலுக்காகவும், அதை ஒட்டி வந்த ஒரு மெஷின் பழுதுக்காகவும் மில்லைக் கொஞ்ச நாள் மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்த அன்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. பிசான நெல் அறுவடை வரப்போகிற நேரம், அண்ணாச்சிக்குப் பொறுமையில்லை. அண்ணாச்சி என்றால் மில் முதலாளி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

மோட்டார், வயரிங் எல்லாம் உன் சித்தப்பா பார்ப்பார். அடியில் குழாய் வாயில் உமியும் சகதியும் அடைத்திருக்கும் என்றார். பலகையை நகர்த்தினார்கள். ஒரு நாற்றம் வந்தது, அழுகின முட்டையைப் போல. நான் பக்கத்தில்தான் நெல்லைக் காலால் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தேன், மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டேன். சித்தப்பா சட்டையைக் கழற்றிக் களத்துச் சுவரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மதினி, சோத்துச் சட்டிய தொறந்து வையும். இன்னா வாரேன்" என்றார். சீக்கிரம் வாரும் என்று நானும் சொன்னேன். இரும்பு ஏணியில் இறங்கினார். சாதாரணமாகக் கிணற்றில் குளிக்கப் போகிறவர் போலத்தான் போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஸ்பானர் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கூப்பிட்டேன். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, இடுப்பு வரை தண்ணீரில், தலை தொங்கி உட்கார்ந்திருந்தார். அசதியில் தூங்கிவிட்ட மாதிரி. நான் போட்ட கூச்சலில் பாய்லர் பக்கமிருந்து உன் அப்பா ஓடிவந்தார். உள்ளே பார்த்தார். உடனே திரும்பி ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

என் சொந்த ஊர் உனக்குத் தெரியும், திசையன்விளையைத் தாண்டி, செம்மண் காடு. அங்கே ஆழக் கிணறுகள். இறைக்காமல் கிடந்த கிணற்றில் தூர் எடுக்க இறங்குவதென்றால் முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். விளக்கைக் காட்டினால் வெடித்தாலும் வெடிக்கும், அது தப்பான முறை என்று நீ ஒருமுறை சொன்னாய். இருக்கட்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் விளக்கும் இறக்காமல் ஒன்றும் இறக்காமல் கிணற்றில் இறங்கினார். வரவில்லை என்று அவர் அண்ணன் இறங்கினார். அண்ணனும் வரவில்லை என்று மச்சினன் இறங்கினார். மூன்று பேரையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர்கள் மூன்று பேரும் நல்லவர்கள். நல்லவர்களாக இல்லாவிட்டால் இரண்டு பேர் பிழைத்திருப்பார்கள்.

உன் அப்பா ஏணியில் கால் வைத்ததும் எனக்கு அதுதான் தெரிந்தது. பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் நெல்லில் விழுந்தோம். அவர் திமிறினார். விடுட்டி, தம்பி கெடக்கான், விடுட்டி என்று கதறினார். அவர் முழங்கை என் வாயில் பட்டது. என் முன்பல் பாதி உடைந்திருப்பதைப் பற்றி நீ கேட்டபோது, குளிக்கும்போது வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன் இல்லையா? அந்தப் பல் அன்றைக்குப் போனதுதான். வாயெல்லாம் ரத்தம். என் கை மட்டும் விடவில்லை. நெல்லுக்குக் கால்போட வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்துக்கிட்டு நிக்காதிய, அவிய மேல ஏறி உக்காருங்கட்டி" என்று கத்தினேன். உட்கார்ந்தார்கள். ஒருத்தி காலில், ஒருத்தி முதுகில். ஆம்பிளைகள் அரிசியை ஆறவைக்கிற பெரிய விசிறியை இழுத்துவந்து தொட்டிக்குள் காற்றைத் திருப்பினார்கள். கயிற்றில் கொக்கி கட்டிப் போட்டுப் பார்த்தார்கள், மாட்டவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி மாட்டின ஆள் இறங்கிச் சித்தப்பாவை மேலே கொண்டுவரும்வரை உன் அப்பா நெல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார். கடைசியில் திமிறுவதை விட்டுவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சித்தப்பா போய்விட்டிருந்தார். முகமூடியைக் கழற்றின அந்த ஆள் உன் அப்பாவைப் பார்த்து, "இவரும் எறங்கிருந்தாருன்னா நாங்க ரெண்டு பேர தூக்கிருப்போம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். உன் அப்பா காதில் அது எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

செல்வி சித்திக்கு அப்போது கைக்குழந்தை. வீட்டில் சித்தப்பாவைக் கிடத்தியிருந்தபோது, யாரோ அவளிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நடுவில் அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "அண்ணன் எறங்கப் போனாவளாமே. நீங்கதான் பிடிச்சுக்கிட்டியளாமே" என்று கேட்டாள். "எம் புருசன் தண்ணில சாகலக்கா. உங்க கையில செத்துருக்காவ" என்றாள். உடைந்த பல்லோடு நான் அங்கே நின்றேன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, என்னோடு சேர்ந்து உன் அப்பாவின் முதுகில் உட்கார்ந்தவள்தான், "அவதாம் உக்காரச் சொன்னா" என்று மெல்லச் சொன்னாள். அதன் பிறகு களத்தில் நான் நெல் பரப்புகிற வரிசையில் என் பக்கத்தில் ஆள் வரமாட்டார்கள். குழாயடியில் என் குடம் நிற்கும், பேச்சு நின்றுவிடும். யாரும் என்னைத் திட்டவில்லை. ஊரில் யாரும் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. என்னோடு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் அப்பா சித்தி வீட்டுக்கு அரிசியும் பருப்பும் சுமந்தார், அந்தக் குழந்தை பவானிக்குக் காது குத்தியதிலிருந்து கல்யாணம் வரை முன்னால் நின்றார். அதில் எனக்குச் சந்தோசம்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், தூங்குவார். உப்பு இருக்கிறதா, உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியாயிற்றா, இவ்வளவுதான் பேச்சு. "ஏட்டி" போய்விட்டது. எந்தப் பெயரும் சொல்லாமல், சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொல்வார். ஒருநாள் நான் தாங்கமாட்டாமல், அன்றைக்கு உங்களை விட்டிருந்தால் இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஒனக்கு ஒம் புருசன் வேணும். எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார். பிறகு சோற்றை முழுதும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

அந்த வார்த்தை என்னைப் பல வருசம் தின்றது. ஏனென்றால் அதில் உண்மை இருந்தது. நீ லீவில் வந்திருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு உன் வேலையை விளக்கினாயே. ஒரு வேலையில் என்னென்ன ஆபத்து வரலாம், வந்தால் யாருக்கு, எவ்வளவு மோசமாக, வராமலிருக்க என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்றாய். கேஸ் டியூப்பை வளைத்துப் பார்த்தாய், குளியலறைக் கல்லைக் காலால் தேய்த்துப் பார்த்து ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டாய். நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் நினைத்தேன், அன்றைக்கு நான் எதையும் எடைபோடவில்லையே என்று. ஊர்க் கிணற்றில் போன மூன்று பேரைப் பார்த்த பயமா, என் புருசன் எனக்கு வேண்டும் என்கிற ஆசையா, எது என் கையைப் பிடிக்க வைத்தது? இரண்டும்தான். பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் இறங்கியிருந்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாரோ என்பதும் தெரியாது. மாட்டார் என்று என் புத்தி சொல்கிறது. யாரிடமும் அதை நிரூபிக்க முடியாது. செத்தவர் செத்ததற்கு ஊரே சாட்சி. சாகாதவர் சாகாமல் இருந்ததற்கு ஒரு சாட்சியும் கிடையாது, அவரே உட்பட.

உன் தொட்டியில் காற்று நன்றாக இருந்தது என்று நீ சொன்னபோது நான் சோற்றைச் சாக்குச் சொல்லிப் போனை வைத்ததும் இதனால்தான். உன்னிடமும் காட்ட ஒன்றும் இல்லை.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. சித்தப்பா போன பிறகு அண்ணாச்சி அந்தத் தொட்டிக்குப் பூட்டுப் போட்டார். சாவியை உன் அப்பாவிடம் கொடுத்தார். விசிறியை நெடுநேரம் ஓடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு ஆள் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அவர் பலகையை எடுக்க விடுவார். நீ கல்லூரிக்குப் போன சமயம் ஒருநாள், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஒரு ஆளின் செல்போன், பலகை திறந்திருந்தபோது உள்ளே விழுந்துவிட்டது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் படமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அழுதுகொண்டே இறங்கப் போயிருக்கிறான். உன் அப்பா அவனைப் பின்னாலிருந்து பிடித்துக் கீழே தள்ளி அவன் மேல் விழுந்து கிடந்திருக்கிறார். அவன் கடித்திருக்கிறான், தன் பாஷையில் ஏசியிருக்கிறான். கூட இருந்தவர்கள் எல்லாம், ஒரு நிமிச வேலைக்குக் கிழவர் ஏன் இந்தப் பாடுபடுத்துகிறார் என்று சிரித்தார்களாம். போன் போனது போனதுதான். அந்த ஆள் கணக்கை முடித்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விட்டான், போகும்போது உன் அப்பா முகத்தில் விழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் உன் அப்பா வந்து, நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்கார்ந்து எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. புஜத்தில் பல் பட்ட தடம் கன்றியிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். மில்லில் நடந்ததை அவராகவே சொன்னார், ஒன்றுக்கு இரண்டாக இல்லை, நடந்ததை நடந்தபடி. சொல்லி முடித்துவிட்டார். எழுந்துபோகப் போகிறார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு ஒனக்குக் கை வலிச்சிருக்கும்லா" என்றார்.

இல்லை என்றேன். வலித்திருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான். நான் பிடித்தது சரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பழைய பேச்சும் திரும்ப வரவில்லை. தம்பியை நினைக்காமல் அவரால் என்னைப் பார்க்க முடியாது என்பது எனக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து சாயங்காலங்களில் அங்கே வந்து உட்காருவார். நான் கழுவுவேன், அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால், எய்யா, நீ கேட்டதற்கு என் பதில் இது. நீ செய்தது சரி. ஆனால் அந்தச் சரியை யாரும் உன்னிடம் வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதே. காத்திருந்தால் மனசு கசந்துபோகும், கசந்துபோனால் அடுத்த முறை நிறுத்தக் கை வராது. வள்ளியூர்க்காரர் உன் மேசைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் நீயே தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார். எழுந்துபோனால் போகட்டும், மறுநாளும் உட்கார். உன் சித்தப்பா கதையை அவருக்குச் சொல். வேலையை நிறுத்தும் சமயத்தில் சொன்னால் யார் காதிலும் ஏறாது, வேலை இல்லாத வேளையில் சொல். இங்கே எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. உனக்கு அப்படி ஆக வேண்டாம்.

நேற்று இவ்வளவும் எழுதி முடித்தேன். அனுப்பவில்லை. படித்துப் பார்த்தபோது, இது என் கதை மட்டும் இல்லையே, செல்வியைக் கேட்காமல் அவள் புருசன் செத்த கதையை நான் எப்படி அனுப்புவது என்று தோன்றியது. இன்று காலையில் பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரம் போனேன். பவானி புருசன் வீட்டில்தான் சித்தி இருக்கிறாள். உன் அப்பா காரியத்துக்கு வந்தவள் எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்தாள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். பவானி வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தது செல்விதான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. நான் உள்ளே போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை இன்ன வேலை பார்க்கிறான், அவனுக்கு இப்படி ஆகிவிட்டது, அவனுக்கு இசக்கியைப் பற்றி எழுதியிருக்கிறேன், உனக்குச் சம்மதமில்லை என்றால் அனுப்பமாட்டேன் என்றேன். அவள் எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். நீ வேலையை நிறுத்தினதையும், யாரும் உன்னோடு சாப்பிடாததையும் மறுபடி ஒருமுறை கேட்டாள். உள்ளே இறங்க இருந்தவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, ஆகியிருக்கும் என்றேன். உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் குடித்து முடித்ததும் தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"அனுப்புங்க" என்றாள். "இன்னொண்ணும் சேத்து எழுதுங்கக்கா. அண்ணன் எறங்கப் போனப்ப பிடிக்கதுக்கு நீங்க இருந்திய. எம் புருசன் எறங்கப் போனப்ப அங்கன அத்தன பேரு நின்னிய. ஒருத்தரும் பிடிக்கல. அத எழுதுங்க."

நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் இறங்கினபோது சோற்றுச் சட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். நாற்றம் என் மூக்கிலும் ஏறியிருந்தது. இரண்டாவது ஆளைப் பிடித்தது தப்பா சரியா என்று இத்தனை வருசம் என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஆளைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாசல் வரை வந்தாள். பஸ் வர நேரமாகும், வெயிலில் நிற்காதீர்கள், அந்த மரத்தடியில் நில்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பாபநாசம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, ஆற்றுப் பாலத்தில் தூறல் விழுந்தது. வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, வந்த சேலையை மாற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எய்யா, உன் தொட்டிக்கு முன்னால் நீ பிடித்து நிறுத்தினது முதல் ஆளை. அங்கே அழ ஒருத்தியும் இல்லை, பிடித்ததற்குச் சபிக்க ஒருத்தியும் இல்லை, காற்றும் நன்றாக இருந்தது, எல்லோரும் உன்மேல் கோபமாக மட்டும் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடு அவர்கள் நல்லபடியாகச் சாப்பிட்டுத் தூங்கட்டும். உன் சித்தி சொன்னதை நான் எழுதிவிட்டேன். நாளைக்குக் காலையில் நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

உன் அம்மா